தார் போடாத டஸ்கனி

முதல் நாள்: காயோலே, புரோலியோ

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், கியாந்தி என்கிற மலைப்பகுதியில் இருக்கிறது காயோலே. காலையிலிருந்து இங்கே பந்தல் பிரிக்கிற சத்தம். அக்டோபர் முதல் ஞாயிறு லெரோய்க்கா, பழைய சைக்கிள் ஓட்டுகிறவர்களின் திருவிழா. நேற்றுதான் முடிந்தது. இரும்புக் கம்பிகளை லாரியில் எறிகிறார்கள். காப்பிக்கடை வாசலில் கம்பளி ஜெர்சி போட்ட இரண்டு தாத்தாக்கள் இன்னும் ஊருக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லெரோய்க்காவில் கலந்துகொள்ள 1987-க்கு முந்தைய சைக்கிள் வேண்டும். கியர் மாற்றும் கட்டை ஹேண்டில்பாரில் இருக்கக் கூடாது, ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பெடலில் வார்ப்பட்டை. பிரேக் கம்பி வெளியே தெரிய வேண்டும். வழியில் சாவடி போட்டு ரொட்டிக் கஞ்சியும் ஒயினும் ஊற்றுவார்கள். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

1997-ல் ஜியான்கார்லோ புரோச்சி என்கிற உள்ளூர்க்காரர் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் 92 பேர். பழைய சைக்கிள் மோகம் ஒரு பக்கம் என்றால், நோக்கம் இன்னொன்றும் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்த வெள்ளைச் சரளைச் சாலைகளுக்கு ஒவ்வொன்றாகத் தார் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதை நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. பெரும்பாலும் நடந்தும் விட்டது. இன்று 209 கிலோமீட்டருக்கு நிரந்தரமாகப் பலகை நட்ட வழி இருக்கிறது, ஆண்டு முழுவதும் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அந்த வழியைத்தான் எங்கள் கால்பலத்துக்குத் தக்கபடி வெட்டி ஒட்டி ஓட்டப்போகிறோம். 209-ஐ ஒரே நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருந்த இடத்திலிருந்தே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். கோயமுத்தூரிலிருந்து போய் மியூனிக்கில் குடியேறியவன். வாரக்கடைசியில் ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் மிதிக்கிறவன். ஓட்டை இத்தாலியன் பேசுவான். எனக்கு அவன் மாப்பிள்ளை, அவனுக்கு நான் மாமா. சைக்கிள் விஷயத்தில் அவன் சொல்வதுதான் சட்டம். சியேனாவில் வாடகைக்கு எடுத்த வண்டிகளை டயரை அமுக்கிப் பார்த்தவுடன் முகம் சுளித்தான். 50 பி.எஸ்.ஐ. அடித்து வைத்திருந்தார்கள். வால்வைத் திருகி, புஸ்ஸென்று காற்றை இறக்கி, 32-ல் நிறுத்தினான். "கல்லு மேல வண்டி குதிக்கக் கூடாது மாமா. டயர் அமுங்கிப் போகணும்." நாற்பது மில்லிமீட்டர் டயர், உள்ளே டியூப் இல்லை, முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் பால் மட்டும்.

புரோலியோ வரைக்கும் தார். கோட்டைக்கு ஏறும் வழியில்தான் சரளை ஆரம்பம். இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். லெரோய்க்கா அன்று இருட்டோடு கிளம்புகிறவர்களுக்காக இந்த ஏற்றத்தில் ஓரமெல்லாம் விளக்கு வைப்பார்களாம். ஒன்றிரண்டு மெழுகுக் கிண்ணங்கள் புல்லில் கிடந்தன.

கோட்டை ரிக்காசோலி குடும்பத்துடையது. 1141-லிருந்து அவர்கள் கையில் இருக்கிறது. அந்த வம்சத்தில் பெத்தினோ ரிக்காசோலி என்கிற பிரபு, ஒருங்கிணைந்த இத்தாலிக்கு இரண்டு முறை பிரதமர். அரசியலுக்கு நடுவிலும் இங்கே திராட்சையோடு மல்லுக்கட்டினார். கியாந்தி ஒயினுக்குச் செய்முறை எழுதியது அவர்தான், 1872-ல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியருக்குப் போட்ட கடிதத்தில். மணத்துக்கும் முறுக்குக்கும் சஞ்சொவேசே என்கிற கறுப்புத் திராட்சை, அதன் கடுமையைத் தணிக்க கனாயோலோ, உடனே குடிக்கிற ஒயின் என்றால் மட்டும் கொஞ்சம் மல்வாசியா என்கிற வெள்ளைத் திராட்சை. பின்னால் வந்தவர்கள் அந்த "மட்டும்" என்பதை விட்டுவிட்டார்கள். 1967-ல் சட்டமே பத்து முதல் முப்பது சதவீதம் வெள்ளை கலக்கச் சொன்னது. ஒயின் நீர்த்துப்போய், வைக்கோல் சுற்றிய குடுவையில் மலிவுச் சரக்காக உலகம் பூராவும் போனது. கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சையே கூடாது என்று 2006-லிருந்துதான் விதி.

கோட்டைச் சுவரிலிருந்து தென்மேற்கே பார்த்தால் சியேனாவின் கோபுரம் தெரிகிறது. அங்கே போய்ச் சேர நாங்கள் ஊரையெல்லாம் சுற்றப்போகிறோம்.

இரண்டாம் நாள்: ராத்தா, வோல்பாயா, வல்யாலி

தூரம் குறைவு, ஏற்றம் மட்டும் ஏராளம். காயோலேயிலிருந்து ராத்தாவுக்கு ஏறி, அங்கிருந்து வோல்பாயாவுக்கு இன்னும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. கியாந்தியில் சமதளம் என்பது காப்பிக்கடை மேசைதான்.

வோல்பாயா அறுநூறு மீட்டர் உயரத்தில் ஒரு கல் ஊர். ஊரே ஒயின் ஆலை என்று சொல்லலாம். வழிபாடு நின்றுபோன தேவாலயத்துக்குள் பீப்பாய்கள், தெருவுக்கு அடியில் ஒயின் ஓடும் எஃகுக் குழாய். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மூக்கு மட்டும் கண்டுபிடிக்கும்: புளிக்கிற திராட்சைச் சாற்றின் காரமான வாசனை எல்லா ஜன்னலிலிருந்தும் வருகிறது.

அறுவடை நடக்கிறது. ராத்தாவுக்குக் கீழே ஒரு தோட்ட ஓரத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். கொடிகள் இடுப்பு உயரம். குலை தொங்குவது முழங்கால் மட்டத்தில், அதனால் பறிக்கிறவர்கள் நாள் முழுவதும் பாதி குனிந்தே நிற்கிறார்கள். இடது கையால் குலையைத் தாங்கி, வலது கையில் குட்டைக் கத்தரி, ஒரு நறுக்கு, சிவப்புப் பிளாஸ்டிக் கூடைக்குள். அழுகின மணி இருந்தால் விரலால் கிள்ளி எறிகிறார்கள். கைகள் கருநீலமாக ஒட்டிக் கிடக்க, குளவிகள் அதைச் சுற்றுகின்றன. காலடியில் மண் என்று ஒன்றும் அதிகமில்லை. தகடு தகடாக உதிரும் கலெஸ்த்ரோ கல்லும் வெள்ளை அல்பெரேசே சுண்ணாம்புக் கல்லும்தான். சாலைக்குக் கொட்டுவதும் இந்தச் சுண்ணாம்புக் கல்லைத்தான், வெண்மைக்குக் காரணம் அது.

பறித்தவர்களில் மூன்று பேர் பஞ்சாபிகள். ஒருவர் எங்களைப் பார்த்ததும் "இந்தியாவா?" என்று இந்தியில் கேட்டார். என் இந்தி அதற்கு மேல் தாங்காது, மாப்பிள்ளையிடம் தள்ளிவிட்டேன். ஹோஷியார்பூர் பக்கமாம். பூக்கிற காலத்தில் வந்தால் அறுவடை முடிந்துதான் ஊருக்குப் பேசவே நேரம் கிடைக்கும் என்றார். கைநிறைய ஒரு குலை கொடுத்தார். தோல் தடிப்பு, விதை பெரிது, இனிப்புக்குப் பின்னால் நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. சாப்பிடுகிற பழம் இல்லை இது.

கியாந்திக்கு எல்லை போட்ட கதையைச் சொல்லாமல் இந்தப் பக்கம் யாரும் விடமாட்டார்கள். ஃபுளோரன்சும் சியேனாவும் சண்டை போட்டுக் களைத்து, சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒரு குதிரை வீரன் கிளம்புவது, சந்திக்கிற இடம் எல்லை என்று பேசிக்கொண்டார்களாம். சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறார இரை போட்டார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது நடுராத்திரியிலேயே கத்தியது. சியேனாவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்து எதிராளியைப் பிடித்துவிட்டான் ஃபுளோரன்ஸ் வீரன். கதை கதைதான். ஆனால் கறுப்புச் சேவல் இன்றும் ஒவ்வொரு கியாந்தி கிளாசிக்கோ புட்டியிலும் நிற்கிறது. கியாந்தி ஒயினுக்கு எல்லையைக் காகிதத்தில் போட்டது 1716-ல், டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சியின் ஆணை.

ராத்திரித் தங்கல் வல்யாலிக்கு அருகே ஒரு பண்ணைவீட்டில். எங்கள் அறை ஒரு காலத்தில் மாட்டுத்தொழுவம். சுவரில் தும்பு கட்டிய இரும்பு வளையம் அப்படியே இருக்கிறது, மாப்பிள்ளை அதில் ஈர ஜெர்சியைத் தொங்கவிட்டிருக்கிறான். கீழே மாடு, மேலே மனிதர். குளிர்காலத்தில் மாட்டின் சூடு மேலே ஏறும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

வீட்டுக்காரரின் அம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். இதே வீட்டில் பிறந்தவர், சொந்தக்காரராக இல்லை. அவருடைய அப்பா மெட்சாத்ரோ, அதாவது வாரக்குடி. நிலமும் வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சல் பாதிக்குப் பாதி. நம்மூரில் மேல்வாரம், குடிவாரம் என்று பிரித்த அதே சங்கதி. காரியஸ்தர் வந்து களத்தில் நின்று அளப்பார். கிறிஸ்துமசுக்குக் கொழுத்த சேவல், ஈஸ்டருக்கு முட்டை, பண்ணையார் வீட்டுக்குப் போக வேண்டும். பெண் கல்யாணம் முடிந்து போனாலும், மருமகள் வந்தாலும் பண்ணையாரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் எத்தனை கை, எத்தனை வாய் என்பதைப் பொறுத்துத்தான் நிலம் கொடுப்பார்கள். "கை குறைஞ்சா வீட்டை விட்டுப் போகச் சொல்லுவாங்களாம் மாமா," என்று மாப்பிள்ளை மொழிபெயர்த்தான்.

அந்த அம்மா சொன்னதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அப்போது இப்படி வரிசை வரிசையாகத் திராட்சைத் தோட்டமே கிடையாது. கொடி மேப்பிள் மரத்தில் ஏறிக் கிடக்கும். இரண்டு மரத்துக்கு நடுவில் கோதுமை, ஓரத்தில் ஆலிவ், அடியில் மாட்டுக்குத் தீவனம். பாதி விளைச்சலில் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டும் என்றால் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் விளைந்தாக வேண்டுமே. 1950-களிலும் 60-களிலும் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். 1964-ல் சட்டம் புதிய வாரக் குத்தகைகளைத் தடுத்தது. அதன் பிறகுதான் டிராக்டர் போவதற்கு வசதியாக மரத்தையெல்லாம் வெட்டி, நேர்வரிசையில் திராட்சை மட்டும் நட்டார்கள். காலண்டரிலும் ஒயின் புட்டியிலும் நாம் பார்க்கிற "ஆதிகாலத்து" டஸ்கனிக்கு வயது ஐம்பது அறுபதுதான்.

வீடுகள் காலியாயின. அடிமாட்டு விலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். குன்றுக்குக் குன்று ஒற்றை வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மண்சாலை என்று இந்தப் பிரதேசம் பின்னிக் கிடப்பது வாரக்குடி முறையால்தான். ஆள் இல்லாத வீட்டுக்குப் போகிற சாலைக்கு எந்தப் பஞ்சாயத்து தார் போடும்? நாளை நாங்கள் சைக்கிள் விடப்போவது அந்தச் சாலைகளில்.

இரவுச் சாப்பாடு ரிபொல்லித்தா: நேற்றைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கறுப்பு முட்டைக்கோஸ் எல்லாம் சேர்த்துக் காய்ச்சியது. டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது. மாப்பிள்ளை பையிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்தான். அந்த அம்மாவும் ஒரு துளி தொட்டுப் பார்த்து, தண்ணீர் கேட்டார்.

மூன்றாம் நாள்: புவோன்கொன்வெந்தோ

சியேனாவை ஓரமாகத் தொட்டுவிட்டு தெற்கே இறங்கினோம். தார்ச்சாலையில் லாரிகள், எழுத ஒன்றுமில்லை. ராதி தாண்டியதும் சரளை, பிறகு லா பியானா என்கிற நீண்ட துண்டு. கியாந்தியின் காடு பின்தங்கி, உழுத நிலம் திறந்துகொள்கிறது.

சரளையில் ஓட்டும் வித்தை இன்று கைவந்தது. கார்ச் சக்கரம் பட்டு இறுகின இரண்டு தடங்கள்தான் நம் சாலை. நடுமேட்டிலும் ஓரத்திலும் உதிரிக்கல், அங்கே போனால் முன்சக்கரம் நழுவும். இறக்கத்தில் பின்பக்கமாக எடையைத் தள்ளி, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் தோள் வரைக்கும் அதிர்வு ஏறுகிறது. பிரேக் பிடிக்கும் வளைவுகளுக்கு முன்னால் கார்கள் அரித்துவிட்ட அலைமேடுகள் வேறு. பல் தந்தியடிக்கிறது.

எதிரே ஒரு மூன்றுசக்கர வண்டி, பின்னால் விறகு ஏற்றி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. நம்மூர்ச் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிற ஆப்பே ஆட்டோவேதான்! பியாஜியோ கம்பெனி இந்த டஸ்கனியில் பொந்தெதேராவில் 1948-ல் செய்யத் தொடங்கிய வண்டி. ஓட்டிய பெரியவர் எங்களுக்காக வேகத்தைக் குறைத்தார், புழுதி குறையவில்லை.

புவோன்கொன்வெந்தோ செங்கல் மதிலுக்குள் ஒரு குட்டி ஊர். புனித ரோமப் பேரரசர் ஏழாம் ஹென்றி 1313-ல் இங்கேதான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ரோமுக்கு நடக்கிற பழைய யாத்திரைப் பாதை ஊர் வழியே போகிறது. முதுகுச் சுமையோடு நடந்து வந்த இருவர் எங்கள் சைக்கிளைக் கொஞ்சம் பொறாமையோடும் கொஞ்சம் இளக்காரத்தோடும் பார்த்தார்கள். அலுப்பு. இன்றைக்கு இவ்வளவுதான்.

நான்காம் நாள்: மொந்தால்சினோ, மழையில்

ராத்திரி பிடித்த மழை காலையிலும் விடவில்லை. பத்து மணிக்குத் தூறலாக மாறியதும் கிளம்பினோம். காஸ்திலியோன் தெல் போஸ்கோ வழியாக மொந்தால்சினோவுக்கு ஏறும் பாதை. நேற்று புழுதி பறந்த சாலை இன்று ஆளை விழுங்குகிறது. சுண்ணாம்புச் சரளை இருக்கிற இடத்தில் பரவாயில்லை, தண்ணீர் வடிந்துவிடும். களிமண் தெரிகிற இடத்தில் ஆட்டுக்கல்லில் ஒட்டின உளுந்துமாவு மாதிரி டயரைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். இறங்கி, சைப்ரஸ் குச்சியால் குத்தி எடுத்து, மறுபடி ஏறி. கியரை மாற்றுகிற பின் டெரய்லரில் புல்லும் சேர்ந்து சுற்றிக்கொண்டதும் மாப்பிள்ளை பெடலை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் அதைத் தாங்குகிற கொக்கி முறிந்து, மொந்தால்சினோவுக்கு நடைதான்.

2010-ல் இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தின் ஏழாம் கட்டம் இதே மாதிரி மழையில் மொந்தால்சினோவில் முடிந்தது. உலகச் சாம்பியனின் வானவில் சட்டை போட்டிருந்த ஆஸ்திரேலியாவின் கடெல் எவன்ஸ் ஜெயித்தார். எல்லைக்கோட்டில் எடுத்த படத்தில் வானவில்லும் தெரியாது, ஆளும் தெரியாது, சேறுதான் தெரியும். மாப்பிள்ளை என்னையும் அப்படி ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டான். "இதுக்குத்தான் லீவு போட்டீங்களா?" என்று பதில் வந்திருக்கிறது.

மொந்தால்சினோ உச்சியில் கோட்டை. அதற்குள்ளேயே ஒயின் கடை. குளித்து, உலர்ந்து, சாயங்காலம் அங்கே போனோம். புருனெல்லோ இந்த ஊரின் பெயர்போன சிவப்பு ஒயின். அதற்குச் சஞ்சொவேசே ஒன்றுதான், வேறெதுவும் கலக்கக் கூடாது. பியோந்தி சாந்தி குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்த பிடிவாதம் அது. அறுவடைக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணி ஐந்தாம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்னால் புட்டி கடைக்கு வர முடியாது. அதில் இரண்டு ஆண்டாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். அதுவரைக்கும் வண்டி ஓட வேண்டுமே, அதற்குத்தான் ரோஸ்ஸோ என்கிற தம்பி ஒயின். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே விற்கலாம். எனக்கு விலைப்பட்டியலைப் பார்த்ததும் தம்பியைத்தான் பிடித்தது. மாப்பிள்ளை ஒரு கோப்பை புருனெல்லோ வாங்கினான், ஆளுக்குப் பாதி. செர்ரியும் காய்ந்த இலையும் கொஞ்சம் தோல்செருப்பு வாசனையும். துவர்ப்பு மட்டும் ராத்தா தோட்டத்தில் கடித்த அதே துவர்ப்பு, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து நாகரிகம் கற்றுக்கொண்டது.

இத்தனை புகழும் அண்மைக்காலத்து விஷயம். 1960-களில் மொந்தால்சினோ டஸ்கனியிலேயே ஏழை ஊர்களில் ஒன்று. இன்று புருனெல்லோ செய்கிறவர்கள் இருநூறுக்கும் மேல்.

ஐந்தாம் நாள்: அஷானோ

வெயில். தொர்ரெனியேரி, லுச்சின்யானோ தாஸ்ஸோ, சான் ஜியோவான்னி தாஸ்ஸோ. ஒரே நாளில் திராட்சை மறைந்துவிட்டது. இது கிரேத்தே செனேசி, சாம்பல் நிறக் களிமண் குன்றுகள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது, அதன் அடிமண்தான் இவை. உழுத சாலில் சிப்பி கிடைக்கும். மரமே இல்லாமல் மொழுமொழுவென்று குன்றுகள், மழை அரித்த இடத்தில் வெள்ளை முகடுகள். கொடி இங்கே அபூர்வம். கோதுமையும் ஆடும்தான். செம்மறி ஆட்டுப்பாலில் செய்யும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியை வழியில் ஒரு பண்ணையில் வாங்கி, உப்பில்லா ரொட்டியோடு சாலையோரம் உட்கார்ந்து தின்றோம். ரொட்டியில் ஏன் உப்பில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பாலாடைக்கட்டியில் இரண்டு பேருக்கான உப்பு இருக்கிறது.

மோந்தே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடம் சைப்ரஸ் காட்டுக்குள் இருக்கிறது. 1313-ல் சியேனாப் பிரபு ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நிறுவியது. பெரிய முற்றத்தின் நான்கு சுவரிலும் புனித பெனடிக்ட் வாழ்க்கை. ஆரம்பித்தவர் லூக்கா சின்யொரெல்லி, 1505-லிருந்து தொடர்ந்தவர் சோதோமா. சோதோமா ஒரு படத்தில் தன்னையே வரைந்துகொண்டு நிற்கிறார், சீமான் உடையில், காலடியில் வளர்ப்பு வளைக்கரடிகளோடு (பேட்ஜர்). துறவிகள் காசு கொடுத்து வரையச் சொன்ன படத்தில்! அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மாப்பிள்ளை சைக்கிளுக்குக் காவல் இருந்ததால் அவனுக்கு வளைக்கரடி கிடைக்கவில்லை.

அஷானோவில் கையால் உருட்டிய தடித்த பீச்சி என்கிற பாஸ்தா, பூண்டுக் குழம்போடு. இரண்டு தட்டு. நாளைக்குத் தேவைப்படும்.

ஆறாம் நாள்: மோந்தே சாந்தே மரியே, சியேனா

அஷானோவை விட்டு ஏறியதும் மோந்தே சாந்தே மரியே. பதினொன்றரைக் கிலோமீட்டர் சரளை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் தொடக்கத்தில் தொழில்முறை வீரர்கள் ஓட்டும் ஸ்திராதே பியாங்கே பந்தயத்தின் உயிர்நாடி. லெரோய்க்காவின் வயிற்றில் 2007-ல் பிறந்த பந்தயம் அது. 2008, 2012, 2016 என்று மூன்று முறை ஜெயித்த சுவிஸ் வீரர் ஃபாபியன் கன்செல்லாராவின் பெயரை இந்தத் துண்டுக்குச் சூட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். 2024-ல் ஸ்லோவேனிய வீரர் ததேய் பொகாச்சர் இங்கேதான் ஆட்களை உதறிவிட்டு, கடைசி 81 கிலோமீட்டரைத் தனியாளாக ஓட்டி ஜெயித்தார். நாங்கள் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம்.

வளைவுகளுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இறக்கம், உடனே சுவராக நிற்கிற ஏற்றம், மறுபடி இறக்கம். ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்தால் பின்சக்கரம் கல்லில் வெறுமனே சுற்றுகிறது. உட்கார்ந்தே, மூக்கை ஹேண்டில்பாருக்கு அருகே கொண்டுவந்து, ஆகச் சின்னக் கியரில் அரைக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் இந்தப் பயணத்தில் மிக அழகான சாலை எது என்றால் இதைத்தான் சொல்வேன். முகட்டின் மேலேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒரு வீடும் கண்ணில் படாத தொலைவு. சாலையை ஒட்டிக் கூரை சரிந்த இரண்டு பண்ணைவீடுகள் உண்டு, இவை இன்னும் விருந்தினர் விடுதி ஆகவில்லை.

அடுத்து மோந்தாபெர்த்தி. 1260 செப்டம்பர் 4 அன்று சியேனா, ஃபுளோரன்ஸ் படையை இங்கே துவம்சம் செய்தது. குன்றின் மேல் நினைவுப் பிரமிடு. சியேனாக்காரர்கள் நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள். சேவல் கதையில் தோற்றதற்கு இதைச் சொல்லித்தான் ஆறுதல்.

கொல்லே பின்சூத்தோ, லே தொல்ஃபே இரண்டும் குட்டித் துண்டுகள், ஆனால் பதினைந்து, பதினெட்டு சதவீதச் சரிவு. லே தொல்ஃபேயில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா கொடியில் காய்ந்த துணியை உதறி எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உதறலுக்கும் வெள்ளைப் பொடி பறந்தது. மாப்பிள்ளை வணக்கம் சொல்லி, சாலை ரொம்ப அழகு என்றான். அவருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் திறக்க முடியாது, காரில் வருஷத்துக்கு ஒருமுறை ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும், மழை பெய்தால் செருப்போடு சேறு வீட்டுக்குள் வருகிறது, தார் கேட்டால் சைக்கிள்காரர்கள் வருவார்கள், உலகமே பார்க்கிற பந்தயம் என்கிறார்கள். "உங்க ஊர்ல உங்க வீட்டு வாசல்ல தார் வேண்டாம்பீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எங்கள் கிராமத்துக்குத் தார்ச்சாலை வர அப்பா தலைமுறை எத்தனை மனு எழுதியது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதேசமயம் இந்தச் சாலையில் தார் போட்டால் எனக்கு வயிறெரியும் என்பதும் நிஜம். புரோச்சியின் பக்கம்தான் என் ஓட்டு, ஆனால் துணி துவைக்கப் போவது நானில்லை என்பதைத் தெரிந்துகொண்டே போடுகிற ஓட்டு. ஒருவேளை சீருந்துகளுக்கு வேகக்கட்டுப்பாடாவது வைக்கலாம். அந்த அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "யார் கேப்பாங்க?" என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சியேனாவுக்குள் கடைசி ஏற்றம் வியா சாந்தா கத்தரீனா. கல்பாவிய ஒடுக்கமான சந்து, பதினாறு சதவீதம். டெலிவிஷனில் பார்க்கும்போது வீரர்கள் இங்கே தள்ளாடுவது நடிப்போ என்று தோன்றும். இல்லை. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி காம்போ சதுக்கத்துக்குள் இறங்கியபோது எங்களுக்குக் கைதட்ட ஆளில்லை, ஒரு சீனச் சுற்றுலாக் கூட்டம் விலகி வழிவிட்டது.

சதுக்கத்தின் நகரமன்ற மாளிகைக்குள் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39-ல் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. நல்ல ஆட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்று. மதில் வாசலிலிருந்து சாலை குன்றுகளுக்குள் இறங்குகிறது. கழுத்தில் வெள்ளைப்பட்டை போட்ட கறுப்புப் பன்றியை ஒருவன் ஊருக்குள் ஓட்டிவருகிறான், பிரபுக்கள் குதிரையில் வெளியே போகிறார்கள். சுமையோடு வருகிறவன் ஒரு பக்கம், பொழுதுபோக்கப் போகிறவன் ஒரு பக்கம், ஒரே சாலையில். நாங்கள் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

சைக்கிளை ஒப்படைத்தோம். கடைக்காரர் ஃபோர்க்கில் காய்ந்திருந்த சாம்பல் மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தே, "அஷானோ" என்றார். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வாரக்குடி வீட்டிலிருந்து 1960-களில் பொந்தெதேராவுக்கு, பியாஜியோ ஆலைக்குப் போனவராம். அந்தச் சாலையில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனாராம். அதில் ஓட்ட ஊர் ஊராக வந்து காசு கொடுக்கிறார்கள் என்று மகன் சொன்னால் இன்றும் நம்ப மறுக்கிறாராம். நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு பேசியபிறகு கழுவுகிற கூலி கேட்கமாட்டார் என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னான். பன்னிரண்டு யூரோ கேட்டார். ஒரு வண்டிக்கு.